முப்பது கிலோவும் அரைக் கிலோவும்

2025 மார்ச்சில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் மாதவிடாய் விடுப்பு அறிவித்தது. தாய் நிறுவனத்தின் ஏறத்தாழ 60,000 ஊழியர்களில் பெண்கள் சுமார் 5,000 பேர் என்று செய்தித்தாள்கள் எழுதின. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அந்நிறுவனத் தலைவர் பேசிய பேச்சை ஊரே கேலி செய்து ஓய்ந்திருந்த நேரம் அது. அதனால் இந்த அறிவிப்பையும் சிலர் பரிகாரமாகவே பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுமானத் துறைக்குள் பெண் பொறியாளராக நுழைந்து, ஆண்கள் மட்டுமே இருக்கும் தளத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற ஒருவருக்கு அந்த ஒரு நாளின் அருமை தெரியும்.

ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் சென்னையில் நடந்த ஒரு தொழில் மாநாட்டில் அதே தலைவர், தங்களுக்கு ஒரே நேரத்தில் 4 லட்சம் தொழிலாளர்கள் தேவைப்படுகிறார்கள், ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். 60,000 ஒரு எண், 4 லட்சம் இன்னொரு எண். முதல் எண்ணுக்குள் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை, காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு. இரண்டாவது எண்ணில் இருப்பவர்கள் இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாகவும், அவருக்குக் கீழே உள்ள துணை ஒப்பந்தக்காரர் வழியாகவும், அவருக்கும் கீழே ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் மேஸ்திரி வழியாகவும் வருகிறவர்கள். இது ஒரு நிறுவனத்தின் கதை இல்லை. நாட்டில் பெரிய கட்டடம் எழுப்பும் எல்லா நிறுவனங்களின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். பணியாளர் பன்முகத்தன்மை என்று ஆண்டறிக்கையில் வண்ணப் படத்தோடு வரும் பக்கம் முதல் எண்ணைப் பற்றியது.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டடத் தொழிலில் பெண்களைச் சேர்ப்பது எப்படி என்று மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். அங்கே பெண்கள் தளத்துக்குள் நுழைவதே பாடு. நம் ஊரில் யாரும் அழைக்காமலேயே பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தளத்தில் இருக்கிறார்கள். ஏரிக்கரை போட்டதிலும் ரயில் பாதைக்கு மண் கொட்டியதிலும் அணை கட்டியதிலும் இருந்தார்கள். இன்றைக்கும் எந்தத் தெருவில் வீடு எழும்பினாலும் தலையில் சும்மாடு வைத்துப் பாண்டு சட்டியோடு ஏணி ஏறும் சித்தாள் ஒருவரையாவது பார்க்கலாம். நம் கட்டடத் தொழிலுக்குப் பன்முகத்தன்மை புதிதாக வரவேண்டிய சரக்கில்லை. அது அடித்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான் செய்தி. சித்தாளாக வந்த பெண் சித்தாளாகவே முதுகு வளைந்து வீடு திரும்புகிறார். கொத்தனார் ஆவதில்லை.

ஏன் ஆவதில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில் உடல் வலிமை. இந்தப் பதிலைச் சட்டப் புத்தகத்தை வைத்தே சோதிக்கலாம். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகள் ஒருவர் கையாலோ தலையிலோ எவ்வளவு எடை தூக்கலாம் என்று வரம்பு வகுத்தன. வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ. ஆக, ஒரு பெண் முப்பது கிலோவைத் தலையில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது சட்டத்துக்குச் சம்மதம், மேஸ்திரிக்கும் சம்மதம். கொத்தனாரின் கையில் இருக்கும் கரணை அரைக் கிலோ தேறாது. தூக்குக்குண்டும் மட்டக்கோலும் மணியாசுக் கட்டையும் சேர்ந்தாலும் ஒரு சட்டிக் கலவையின் எடைக்குப் பக்கத்தில் வராது. கனமான வேலை பெண்ணுக்கு, நுட்பமான வேலை ஆணுக்கு என்று பிரித்து வைத்துவிட்டு, பெண்ணுக்கு வலுப் போதாது என்று காரணம் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தபோது செய்யாறு பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டதற்கு, “பெரிய பையன் வயித்துல இருக்கும்போது வந்தேன் சார், இப்ப அவனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு” என்றார். பூச்சு வேலை தெரியுமா அக்கா என்றேன். சிரித்துவிட்டார். “தெரியாம என்ன? மேஸ்திரி டீ குடிக்கப் போனா சன்னல் ஓரத்தை நான்தான் பூசி முடிப்பேன். வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதுக்குக் கூலியும் சொல்ல மாட்டாரு.” அவருடைய தங்கை மகன் அவரோடுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறான். இரண்டு வருஷம் கலவை போட்டான், மூன்றாம் வருஷம் கரணையைக் கையில் கொடுத்தார்கள். “இப்ப சாரத்து மேல நின்னுக்கிட்டு, பெரீம்மா கலவ கொண்டாங்கறான்.”

அந்தப் பையன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. பெருமைதான் தெரிந்தது. ஆனால் தொழில் கைமாறும் வழி முழுவதும் அதில் இருந்தது. நம் ஊரில் கொத்துவேலைக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது, பட்டமும் கிடையாது. யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். மாமன் மருமகனுக்கு, அண்ணன் தம்பிக்கு, ஒரே ஊர்க்காரன் ஊர்க்காரனுக்கு. இந்தக் கண்ணியில் பெண் சேர்வதில்லை. புடவையோடு சாரத்தில் ஏறினால் கீழே நிற்பவர்கள் என்ன பேசுவார்கள் என்ற தயக்கம் ஒரு பக்கம், மாதத்தில் மூன்று நாள் தீட்டு என்று மனைமுகூர்த்தக் கல்லைத் தொடவிடாத நம்பிக்கை மறுபக்கம். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வேலைக்கு வருகிற இடங்களில், அவள் கூலி அவன் கூலியோடு சேர்த்தே எண்ணப்படும். கூலி ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் கொத்தனாருக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கும் இடத்தில் சித்தாளுக்கு அறுநூறு, எழுநூறு என்பதே வழக்கம். இந்த வித்தியாசத்தைத் திறமையின் விலை என்கிறார்கள். அந்தத் திறமை யாருக்குக் கைமாறவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1982ல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழும்பின. அங்கே வேலை செய்தவர்களின் நிலை பற்றி மக்கள் ஜனநாயக உரிமைகள் அமைப்பு உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஆள் பிடித்துக் கொடுத்த ஜமேதார் ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டார். பெண்களின் கைக்கு 7 ரூபாய்தான் வந்தது. சம ஊதியச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கூலி கொடுப்பது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று அரசுத் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் தடைசெய்த கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு. அதைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அந்த 2 ரூபாய் 25 காசில் போய் நிற்கும். ஆண் பறிகொடுத்தது ஒரு ரூபாய், பெண் பறிகொடுத்தது அதைவிட இருமடங்குக்கும் மேல். சுரண்டலிலும் படிநிலை இருந்திருக்கிறது.

இனி கொடையின் பக்கம் வருவோம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ வரவோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்காகச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு வரி எனக்குப் பிடிக்கும். நிறுவனம் தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அந்த வரி. சர்க்கரை ஆலைக்கு வட்டாரம் எது என்று தெரியும். கட்டுமான நிறுவனத்துக்கு எது வட்டாரம்? வேலை நடக்கும் இடமா, தலைமை அலுவலகம் இருக்கும் இடமா? பாலம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த மாநிலம் போய்விடுகிற தொழில் இது. அதன் தொழிலாளி வந்த ஊரை, பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆட்களை அனுப்பி அனுப்பிக் கிழவர்களும் குழந்தைகளும் மட்டும் மிஞ்சியிருக்கும் அந்த ஊரைத் தன் வட்டாரம் என்று எந்த நிறுவனமும் எழுதி நான் பார்த்ததில்லை.

2014 சுதந்திர தின உரையில் பிரதமர், பள்ளிகளில் கழிப்பறை கட்டுவதற்கு நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பல நிறுவனங்கள் கட்டின. பெண் குழந்தைகள் படிப்பை நிறுத்திவிடக் கழிப்பறை இல்லாமையும் ஒரு காரணம் என்பதால் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர்ப் பலகைதான் சற்றுப் பெரிது. கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைக்கிற நம் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளிக்கூடக் கழிப்பறையைக் கட்டுவதற்கு மணல் சுமந்த பெண் எங்கே ஒதுங்கினார் என்று மட்டும் எந்த அறிக்கையிலும் இருக்காது. தளத்தில் கழிப்பறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 33ஆம் பிரிவு சொன்னது. சிறு கட்டடங்களில் அது இருப்பது அபூர்வம். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது சித்தாள்களிடையே தாயிடமிருந்து மகளுக்கு வரும் உபாயம். அதனால் வரும் நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் அப்படியே வருகின்றன.

சமூகப் பொறுப்பு நிதியை எடுத்துத் தளத்திலேயே கழிப்பறை கட்டிவிடலாமே என்று யாருக்காவது தோன்றலாம். அதற்கு விதி இடம் கொடுப்பதில்லை, இடம் கொடுக்கவும் கூடாது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவைச் சமூகக் கொடையாகக் கணக்குக் காட்ட முடியாது என்று 2021ல் திருத்திய விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கடமையைக் கொடை என்று பெயர் மாற்றிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். இந்த நல்ல எண்ணத்துக்கும் ஒப்பந்த முறைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. கூலி, விடுப்பு, காப்பீடு என்று வரும்போது சித்தாள் நிறுவனத்தின் ஊழியர் ஆவதில்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். கொடை என்று வரும்போது அவர் சமூகமும் ஆவதில்லை. சமூகம் என்பது மதில்சுவருக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூடம், ஏரி, ஆரம்ப சுகாதார நிலையம். அவர் மதில்சுவருக்கு உள்ளே தகரக் கொட்டகையில் இருக்கிறார். இரண்டு கணக்கிலும் வராத ஆள்.

மதுரைக்காரர்களுக்கு வந்தியின் கதையை நினைவூட்ட வேண்டியதில்லை. வைகை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் கரையைப் பங்கு போட்டுக் கொடுத்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சொக்கநாதருக்கு அவள் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசினாள். அவர் மண் சுமந்ததைவிட ஆடியதும் பாடியதும் தூங்கியதும் அதிகம். மன்னன் பிரம்பால் அடித்தான், அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா. அதில் எனக்கு நெடுநாளாகப் பிடித்த இடம் அந்த அடி இல்லை. கூலி பேசும் இடம்தான். ஒன்றுமில்லாத கிழவி, உடைந்து உதிர்ந்த பிட்டெல்லாம் உனக்கு என்று முன்கூட்டியே பேசி, பேசியபடி கொடுத்தாள். மன்னன் கரையை அடைக்க ஆள் கேட்டானே தவிர, கரை போடுகிறவனுக்குச் சோறு யார் போடுவது என்று அவன் யோசித்ததாகக் கதையில் இல்லை. அந்த யோசனை வந்தியின் தலையில் விழுந்தது.

கொடையாக அல்லாமல் உரிமையாகச் சிலவற்றை வாங்கித் தந்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எழுபதுகளின் முடிவிலிருந்து கட்டடத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களில் முக்கியமானவர் கீதா ராமகிருஷ்ணன். 1982ல் இங்கே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்ததில் அந்தச் சங்கங்களின் ஊர்வலங்களுக்கும் மறியல்களுக்கும் பங்குண்டு. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு தழுவிய பிரசாரக் குழு ஒன்று பத்தாண்டுக் காலம் மன்றாடியதன் விளைவுதான் 1996ன் மத்தியச் சட்டம். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நலவரியாக வசூலித்துத் தொழிலாளிக்கே செலவிட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இது யாருடைய கருணையும் இல்லை, கட்டடத்தின் விலையிலேயே தொழிலாளியின் பங்கும் அடக்கம். அந்த நிதியையும் நாம் ஒழுங்காகச் செலவிட்டோமா என்றால், உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பிரசாரக் குழு தொடுத்த வழக்கில் 2017ல் வெளிவந்த தகவல் ஒன்று போதும். தொழிலாளர் நலனுக்கான பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கியிருந்தார்கள். குடிசையில் மின்சாரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

தளத்துக் குழந்தைகளின் கதை தனி. 1969ல் காந்தி நூற்றாண்டுக்காக டெல்லி ராஜ்காட்டில் நடந்த கட்டுமான வேலையில், தாய்மார்கள் மண் சுமக்கையில் புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். மொபைல் க்ரெஷஸ் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. வேலை எங்கே போகிறதோ காப்பகமும் அங்கே போகும். பின்னால் வந்த சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தளத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. துணை ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் பத்துப் பேர், இருபது பேர் என்று ஆட்களைப் பிரித்து எழுதினால் ஐம்பது எப்போதும் சேராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கப்பிள்ளை தேவையில்லை.

பெண்களின் எண்ணிக்கை எப்படியெல்லாம் எழுதப்படுகிறது என்று பார்ப்பது சுவாரசியமான வேலை. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். அதனால் உச்சியில் ஒருவர் நிச்சயம். அடியில் பாண்டு சட்டியோடு பலர். நடுவில் கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், கிரேன் ஓட்டுபவர், மேற்பார்வையாளர் என்று தொழிலின் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய ஆண்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இப்போது முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்களிடம் கேட்கும் பொறுப்பறிக்கையில் நிரந்தரத் தொழிலாளர், நிரந்தரமல்லாத தொழிலாளர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டங்கள் இருக்கின்றன. கட்டம் இருப்பது நல்லது. ஆனால் அது தலைகளை எண்ணுகிறது. அந்தத் தலையின் மேல் என்ன இருந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

தலையை எண்ணாமல் வேறொன்றை எண்ணிய ஊர் ஒன்று உண்டு. 1963 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கறுப்பின மக்கள் வாழும் ஸ்ட்ராபெரி மேன்ஷன் பகுதியில் அரசுப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. பள்ளி அவர்கள் பிள்ளைகளுக்குத்தான். கட்டுகிற தொழிலாளிகள் வெள்ளையர்கள். குழாய்ப் பணி, மின்பணி, கம்பி வேலை எல்லாம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சங்கங்களின் கையில் இருந்தன. செய்யாற்று அம்மாவுக்குக் கேட்டால் உடனே புரிகிற விஷயம். செசில் மூர் என்பவர் தலைமையில் மக்கள் தளத்தை மறித்தார்கள், போலீசோடு கைகலப்பு நடந்தது. எங்கள் தெருவுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கிறீர்கள், அதைக் கட்டும் வேலையைக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. 1965ல் அதிபர் ஜான்சன் பிறப்பித்த ஆணை, அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. 1969ல் நிக்சன் ஆட்சியில் தொழிலாளர் துறையில் இருந்த ஆர்தர் ஃப்ளெட்சர் என்ற கறுப்பின அதிகாரி, பிலடெல்பியா திட்டம் என்று பெயர் பெற்ற விதிகளைக் கட்டுமானத் தொழிலுக்காகக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கைத்தொழிலிலும் இவ்வளவு பேரைச் சேர்க்க முயல வேண்டும் என்ற இலக்கு அதில் இருந்தது. இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் மனிதவளத் துறையில் புழங்கும் பன்முகத்தன்மைப் பேச்சின் பாட்டி வீடு, சிமென்ட்டும் கம்பியும் கிடந்த அந்தத் தளம்.

பெண்கள் அமைப்புகள் வழக்காடிய பிறகு 1978ல் பெண்களுக்கும் இலக்கு வந்தது. 6.9 சதவீதம். எதில் 6.9 என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆட்களின் எண்ணிக்கையில் இல்லை, ஒவ்வொரு கைத்தொழிலிலும் உழைத்த மணி நேரத்தில். தச்சுவேலையில் மொத்தம் இத்தனை மணி நேரம் என்றால் அதில் இவ்வளவு பெண்ணின் மணி நேரமாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரைக் காட்டித் தப்ப முடியாது, தளத்தைக் கூட்டிப் பெருக்குபவரைக் காட்டியும் தப்ப முடியாது. கணக்கு அருமையான கணக்கு. இலக்கு எட்டப்படவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அரை நூற்றாண்டு ஆகியும் அங்கே கைத்தொழில் பிரிவுகளில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற மறுநாள் அந்த 1965 ஆணையையே ரத்து செய்துவிட்டார்.

இலக்கு தோற்றது, அளவுகோல் தோற்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த அளவுகோலை நம் ஊர்த் தளத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சுமக்கும் மணி நேரத்தில் பெண்களின் பங்கு பாதிக்கும் மேல் வரலாம். பூசும் மணி நேரத்தில் சன்னல் ஓரம் மட்டும் வரும், அதுவும் மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரம். இப்போது சுமக்கும் மணி நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. கலவையை ஆலையில் கலந்து லாரியில் கொண்டுவந்து குழாய் வழியாக மாடிக்கு ஏற்றுகிறார்கள். பாண்டு சட்டிக்கு அங்கே வேலை இல்லை. பெரிய தளங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வரும் இளைஞர்கள் தனியாளாக வருகிறார்கள், கொட்டகையில் பத்துப் பேராகத் தங்குகிறார்கள். சித்தாளைப் பெரிய தளங்கள் கைவிட்டுவிட்டன, அவர் சின்ன வீடுகளுக்கு ஒதுங்கிவிட்டார். சுமை போய்விட்டது நல்லதுதானே என்றால் நல்லதுதான். சுமைக்குப் பதிலாகக் கையில் எதையும் கொடுக்காமல் சுமையை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது அரசின் ஊரக வேலைத் திட்டம்தான்.

பெண்களால் கொத்துவேலை முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் எண்பதுகளின் முடிவில் சுகாதாரத் திட்டத்துக்காகக் கழிப்பறை கட்டப் பெண்களுக்குக் கொத்துவேலை கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பிறகு ஜீவபூர்ணா என்ற பெயரில் சொந்தமாகச் சங்கம் வைத்து ஒப்பந்தம் எடுத்தார்கள். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டக் கழிப்பறைகளை அவசரமாகக் கட்டி முடிக்க ஆள் போதாமல் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ராணி மிஸ்திரிகள் என்று அவர்களுக்குப் பெயர் விழுந்தது. அகமதாபாத்தில் சேவா அமைப்பு கட்டடத் தொழிலாளப் பெண்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்தியது. இவற்றில் எல்லாம் கற்ற பெண்கள் சுவர் எழுப்பினார்கள், சுவர் நின்றது. கஷ்டம் அதற்குப் பிறகு. அரசுத் திட்டமோ தொண்டு நிறுவனமோ இருக்கும்வரை வேலை இருக்கும். அது முடிந்ததும் வெளிச்சந்தையில் பெண் கொத்தனாரை நம்பி வீட்டு வேலை கொடுக்க ஆள் வேண்டும். பயிற்சிக் காலத்தில் இழக்கும் கூலியை ஈடுகட்டவும் யாராவது வேண்டும். அன்றாடம் அறுநூறு ரூபாய் வாங்கி அன்றைக்கே அரிசி வாங்குகிறவரிடம், மூன்று மாதம் இலவசமாகச் சொல்லித்தருகிறோம் வா என்பது கேட்க நன்றாக இருக்கும். இலவசம் என்பது சொல்லித்தருகிறவருக்குத்தான், கற்க வருகிறவருக்கு அது ஐம்பதாயிரம் ரூபாய்ச் செலவு.

கட்டுமான நிறுவனங்களின் இரண்டு சதவீதத்துக்கு இங்கே இடம் இருக்கிறது. பயிற்சி நாட்களின் கூலி ஈடு, அதுதான் அந்த இடம். தொழிற்பயிற்சியும் பெண்களை வலுப்படுத்துவதும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே உள்ளவை, தன் ஊழியர் அல்லாதவருக்குக் கொடுக்கத் தடையும் இல்லை. இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஒரு நிறுவனம் கிராமத்துப் பள்ளிக்கு வகுப்பறையோ கழிப்பறையோ கட்டிக்கொடுக்கும்போது, அந்தக் கட்டடத்தின் கொத்துவேலை மணி நேரத்தில் இவ்வளவு பெண்கள் கையால் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதலாம். அந்த ஊரிலேயே வேலை தெரிந்த பெண்கள் இருப்பார்கள், கரணை கொடுத்தால் போதும் என்கிற நிலையில்.

இந்த யோசனையை ஒருமுறை எனக்குத் தெரிந்த சிறு ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், கூலி பாக்கி வைக்காதவர். முடியாது என்று அவர் சொல்லவில்லை. பொம்பளைங்க வேலை சுத்தமா இருக்கும் சார், மட்டம் பார்த்து நிதானமா வைப்பாங்க, எனக்குத் தெரியும் என்றுதான் தொடங்கினார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கரணையக் கையில குடுத்துட்டா நாளைக்கு அவ சித்தாள் கூலிக்கு வருவாளா?”